பந்தயம் இல்லாத நாளில் பந்தயத் தடம்

ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் உள்ள ஐஃபெல் மலைப்பகுதி 1920களில் வறுமைக்குப் பேர்போன வட்டாரம். மண்ணில் வளமில்லை, சொல்லும்படியான தொழிற்சாலை இல்லை, முதல் உலகப்போருக்குப் பிறகு இளைஞர்களுக்கு வேலையும் இல்லை. 1922 முதல் அங்கே பொதுச் சாலைகளிலேயே மோட்டார் பந்தயங்கள் நடந்துவந்தன. பந்தயத்துக்கென்று தனிச் சாலை போட்டால் வேலையில்லாதவர்களுக்குக் கூலி கிடைக்கும், பின்னாளில் சுற்றுலா வருமானமும் வரும் என்று அடேனாவ் மாவட்ட நிர்வாகி ஓட்டோ க்ரொய்ட்ஸ் வாதாடினார். அப்போது கொலோன் நகர மேயராக இருந்து, பின்னர் மேற்கு ஜெர்மனியின் முதல் பிரதமரான கொன்ராட் அடேனாவரும் அதை ஆதரித்தார். 1925இல் பணி தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர் கல் உடைத்து, காடு வெட்டி, மலைச்சரிவோடு சரிவாக ஏறக்குறைய 28 கிலோமீட்டர் சாலை போட்டார்கள். 1927 ஜூனில் நூர்பர்க்ரிங் திறக்கப்பட்டது. தொடக்க விழாவின் கார் பந்தயத்தில் ருடோல்ஃப் கராச்சியோலா வென்றார். மோட்டார் பந்தய வரலாறுகள் பெரும்பாலும் இங்கிருந்து வெற்றியாளர்களின் பெயர்களைப் பிடித்துக்கொண்டு நடக்கும். அதே ஆண்டில் அங்கே தொடங்கிய இன்னொரு வழக்கம் ஓரிரு வரியோடு நின்றுவிடும். பந்தயம் இல்லாத நாட்களில், வண்டியும் உரிமமும் உள்ள யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்தி அந்தத் தடத்தில் தங்கள் வண்டியை ஓட்டலாம் என்பதே அது. இன்று டிராக் டே என்று சென்னை, கோவை இளைஞர்கள் பேசிக்கொள்ளும் நிகழ்ச்சிக்கு வேர் இந்த வழக்கத்தில்தான் இருக்கிறது. பந்தயத் தடம் தொடக்கம் முதலே சாதாரண ஓட்டுநருக்கும் உரிய இடம், போட்டி அதன் பயன்களில் ஒன்று மட்டுமே என்பதே இக்கட்டுரையின் வாதம். இந்த வரலாறு தெரிந்தவருக்கு, எந்த டிராக் டேக்குப் போகலாம், எதைத் தவிர்க்கலாம் என்பதும் எளிதில் விளங்கும்.

நூர்பர்க்ரிங்குக்கு இருபது ஆண்டுகள் முன்பே இங்கிலாந்தில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1903ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் அந்நாட்டுச் சாலைகளில் மணிக்கு 20 மைல், அதாவது சுமார் 32 கிலோமீட்டர் என்று வேக வரம்பு விதித்தது. அதே ஆண்டு பாரிஸிலிருந்து மாட்ரிட் நோக்கிப் பொதுச் சாலையில் கிளம்பிய பந்தயம், ஓட்டுநர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் அடுத்தடுத்து இறந்ததால் போர்தோவிலேயே நிறுத்தப்பட்டது. வேகம் என்பது சாலையில் வைத்துக்கொள்ள முடியாத பொருள் என்று இங்கிலாந்தும் பிரான்சும் இரண்டு விதமாகக் கண்டுகொண்ட ஆண்டு அது. ஹியூ லாக் கிங் என்ற நிலக்கிழார் வேய்பிரிட்ஜ் அருகே தன் சொந்த நிலத்தில், சொந்தப் பணத்தில், சாய்வான வளைவுகள் கொண்ட காங்கிரீட் தடம் ஒன்றைக் கட்டினார். 1907 ஜூனில் புரூக்லாண்ட்ஸ் திறக்கப்பட்டபோது முதலில் நடந்தது பந்தயம் அல்ல, கார் உரிமையாளர்கள் தங்கள் வண்டிகளில் அணிவகுத்துச் சுற்றிவந்த ஊர்வலம். சில நாட்களில் எஸ். எஃப். எட்ஜ் என்பவர் 24 மணி நேரம் தனியாளாக ஓட்டி, மணிக்குச் சராசரி 106 கிலோமீட்டர் வேகம் காட்டினார். அங்கே முதல் பந்தயம் அதற்கும் பின்னால், ஜூலையில்தான் நடந்தது. அப்போது மோட்டார் பந்தயத்துக்கென்று சொந்த மரபு ஏதும் இருக்கவில்லை. குதிரைப் பந்தயத்திலிருந்து கடன் வாங்கி, ஓட்டுநர்களை எண்ணுக்குப் பதில் சட்டை நிறத்தால் அடையாளம் காட்டினார்கள். தயாரிப்பாளர்கள் வண்டியைச் சோதிக்கவும், உரிமையாளர்கள் தாங்கள் வாங்கிய வண்டி என்ன செய்யும் என்று அறியவும் வேண்டி உண்டான இடத்தில், போட்டி பிறகு வந்து உட்கார்ந்தது.

புரூக்லாண்ட்ஸ் இன்னொன்றையும் காட்டுகிறது. எட்ஜின் அந்த இரவு ஓட்டம் அக்கம்பக்கத்தாரின் தூக்கத்தைக் கெடுத்தது. புகார்கள் எழுந்தன, வழக்கு வந்தது, இரவில் ஓட்டுவது நின்றுபோனது. 1929இல் அங்கே 24 மணி நேரப் பந்தயம் நடத்த விரும்பியவர்கள் அதை இரண்டு பகல்களாக, பன்னிரண்டு பன்னிரண்டு மணி நேரமாகப் பிரித்தே நடத்த முடிந்தது. 1920களில் குறிப்பிட்ட வகைப் பெரிய சைலன்சர் கட்டாயமானது; அந்த வகைக்கே பின்னால் புரூக்லாண்ட்ஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. டிராக் டேக்களில் நுழைவாயிலிலேயே ஒலி அளவைச் சோதித்து, சத்தமான வண்டியைத் திருப்பி அனுப்புவதைப் பார்த்து எரிச்சல்படும் இளைஞர்கள் உண்டு. அந்தச் சோதனை, ஊர்க்காரர்களோடு தடம் செய்துகொண்ட நூறாண்டுப் பழைய உடன்பாடு. அதை மீறிய இடங்கள் ஓட்டும் நாட்களை இழந்திருக்கின்றன. ஒலிச் சோதனையைக் கண்டிப்பாக நடத்தும் அமைப்பாளர் தன் தடம் அடுத்த ஆண்டும் இருக்க வேண்டும் என்று நினைப்பவர். அவர் நடத்தும் நாளை நம்பலாம்.

இரண்டாம் உலகப்போர் புரூக்லாண்ட்ஸை விழுங்கியது. விமானத் தொழிற்சாலைகளுக்காகத் தடம் உடைக்கப்பட்டது, போருக்குப் பின் நிலம் விக்கர்ஸ் நிறுவனத்துக்குக் கைமாறியது. ஆனால் போரே மாற்று இடங்களையும் விட்டுச்சென்றது. பிரிட்டன் எங்கும் வேலை முடிந்த விமானத் தளங்கள் சும்மா கிடந்தன. வெல்லிங்டன் குண்டுவீச்சு விமானங்களுக்கான பயிற்சித் தளமாக இருந்த சில்வர்ஸ்டோனில், 1947இல் சில கார் உரிமையாளர்கள் யாரிடமும் கேட்காமல் நுழைந்து தங்களுக்குள் ஓட்டிப் பார்த்தார்கள். அங்கே மேய்ந்த ஆடு ஒன்று காரில் அடிபட்டுச் செத்தது. மறு ஆண்டு அதே இடத்தில் முறையான கிராண்ட் பிரிக்ஸ் நடந்தது. உலகின் மிகப் பெரிய பந்தயத் தடங்களில் ஒன்று அனுமதியில்லாத அமெச்சூர்களின் கால்பட்டுத் திறந்தது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். போர் விமானத் தளத்தின் சுற்றுச்சாலையாக இருந்த குட்வுட் 1948 செப்டம்பரில் தடமானது. வண்டிகளின் வேகம் ஏறிக்கொண்டே போனதால் அதன் உரிமையாளரான ரிச்மண்ட் கோமகன் 1966இல் பந்தயங்களை நிறுத்திவிட்டார். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே பந்தயமே கிடையாது. தடம் மட்டும் உயிரோடு இருந்தது. சோதனை ஓட்டங்களும் சங்கங்களின் ஓட்ட நாட்களும் அதை வைத்திருந்தன. 1998இல் பழைய கார்களுக்கான பந்தய விழா அங்கே தொடங்கியபோது, சுற்றுச்சாலை ஏறக்குறையப் பழைய வடிவத்திலேயே கிடைத்ததற்கு அந்த முப்பது ஆண்டுப் பயன்பாடும் ஒரு காரணம்.

நம் ஊர்க் கதையும் இதே அச்சில்தான் வார்க்கப்பட்டது. சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுதளத்தைத்தான் பந்தயக் களமாக்கிக்கொண்டது. இலங்கையில் களுத்துறை அருகே கட்டுக்குருந்த ஓடுதளமும் இப்படித்தான் மோட்டார் பந்தயத்துக்கு வந்துசேர்ந்தது. சோழவரத்தின் பெருமை அங்கே வந்த விலை உயர்ந்த வெளிநாட்டு வண்டிகளில் மட்டும் இல்லை. இறக்குமதி ஏறக்குறைய அடைக்கப்பட்ட அந்தக் காலத்தில் சந்தையில் கிடைத்தவை அம்பாசடர், ஃபியட், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவைதான். வேகமாக ஓட்ட ஆசைப்பட்டவர் அவற்றில் ஒன்றைத் தானே பிரித்து, தானே பொருத்தி, எடையைக் குறைத்து, எஞ்சினைத் தேற்றித்தான் ஆக வேண்டும். சென்னை, கோவை பட்டறைகளில் தேர்ந்த கைகள் உருவானதற்கு அந்தக் கட்டாயம் ஒரு பள்ளிக்கூடம். கோவையின் கரிவர்தன், மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை 1980களின் இறுதியில் உருவாக்கியபோது நோக்கம் ஒன்றுதான்: நடுத்தர வசதி உள்ளவரும் ஏறி உட்காரக்கூடிய விலையில் ஒரு பந்தய வண்டி. 1995இல் அவர் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் அவர் பெயரால் கரி மோட்டார் ஸ்பீடுவே என்ற 2 கிலோமீட்டர் அளவிலான தடம் இருக்கிறது. சோழவரத்துக்கு மாற்றாக 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் வந்த தடமோ, அரசோ பெரிய நிறுவனமோ கட்டியது அல்ல. ஆர்வலர்கள் கூடி நடத்திய அந்தச் சங்கமே நிலம் வாங்கிக் கட்டியது. அங்கே காசு கட்டி ஓட்ட வரும் சாதாரண ஓட்டுநரை இன்று யாரும் விருந்தாளியாக நடத்தத் தேவையில்லை. அவரைப் போன்றவர்கள்தான் அதன் அஸ்திவாரத்தையே போட்டார்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சோழவரத்தில் நடந்தது பந்தயம், வெற்றி தோல்வி உள்ள விளையாட்டு. டிராக் டேயில் வெற்றியும் இல்லை, நேரக் கணக்கும் இல்லை. இரண்டையும் ஒரே மரபு என்று எப்படிச் சொல்வது? போட்டியில்லாமல் சுற்றுவதில் என்ன பொருள்? இதற்கு நூர்பர்க்ரிங்கின் விதிகளே பதில் வைத்திருக்கின்றன. அங்கே பொது ஓட்டத்துக்குத் திறந்திருக்கும் நேரத்தில், தடத்தின் நீண்ட பகுதியான வடக்கு வளையம் சட்டப்படி ஒரு கட்டணச் சாலை. ஒருவழிச் சாலை, ஆகவே எதிரே வண்டி வராது. ஆனால் ஜெர்மன் போக்குவரத்துச் சட்டம் செல்லும். இடப்பக்கமாகத்தான் முந்த வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது, நேரம் கணக்கிடக் கூடாது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நீண்ட நேர்பாதையில் தடத்தைவிட்டு வெளியே வந்து, வாயில் வழியாகத்தான் மறுபடி நுழைய முடியும். முழுச் சுற்றை நிற்காமல் எடுக்க முடியாதபடி அமைப்பே பார்த்துக்கொள்கிறது. மோதினால் இரும்புத் தடுப்பைச் சரிசெய்யும் செலவு ஓட்டியவர் தலையில். இங்கிலாந்திலும் டிராக் டேக்கள் ஒரு தொழிலாக வளர்ந்தபோது இதே போன்ற விதிகள் நிலைபெற்றன: கடிகாரம் கிடையாது, முன்னால் போகிறவர் வழிவிட்டால் மட்டுமே, அதுவும் நேர்பாதையில் மட்டுமே முந்தலாம், முதல் சில சுற்றுகள் வழிகாட்டியின் பின்னால் மெதுவாக. காப்பீடும் சட்டப் பொறுப்பும் இவற்றைக் கட்டாயப்படுத்தின என்பது உண்மை. அதனால் இவை வெறும் கட்டுப்பாடுகள் என்று எண்ணுவது தவறு. போட்டியை எடுத்துவிட்டால் மீதி இருப்பது ஓட்டுதல். சாலையில் ஒருவர் ஒரே வளைவை ஒரே நாளில் முப்பது முறை எடுப்பதில்லை. தடத்தில் எடுக்கிறார். பிரேக்கை எங்கே மிதித்தோம், கண் எங்கே பார்த்தது, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது வண்டியின் எடை எந்தச் சக்கரத்துக்குப் போனது என்பதெல்லாம் முப்பதாவது முறைதான் பிடிபடத் தொடங்கும். ஒரு ராகத்தை மேடைக்காக அல்லாமல் வீட்டில் பாடிப் பார்ப்பவரின் இன்பத்துக்கு ஈடானது அது. பக்கத்து வண்டியோடு போட்டி போடுபவருக்கு அந்த இன்பம் கிடைக்காது. அவர் கவனம் கண்ணாடியில் இருக்கும்.

தடங்களின் ஆயுளும் இதையே சொல்கிறது. 1976 ஆகஸ்ட் 1 அன்று நூர்பர்க்ரிங்கில் ஃபார்முலா 1 ஓட்டுநர் நிக்கி லௌடாவின் ஃபெராரி மோதித் தீப்பிடித்தது. அவர் உயிர் பிழைத்தது சக ஓட்டுநர்கள் ஓடிவந்து இழுத்ததால். ஏறக்குறைய 22.8 கிலோமீட்டர் நீள வடக்கு வளையத்தில் உதவி விரைந்து போய்ச்சேர முடியாது என்பது அதற்கு முன்பே தெரிந்ததுதான். அதன்பின் ஃபார்முலா 1 வடக்கு வளையத்துக்குத் திரும்பவே இல்லை. 1984இல் அதன் அருகே குட்டையான புதிய தடம் திறக்கப்பட்டது. பெரிய பந்தயம் போய்விட்டால் தடம் சாகும் என்பது விதியானால், வடக்கு வளையம் அன்றே காடாகியிருக்க வேண்டும். பழைய தடத்தின் குட்டைப் பகுதியான தெற்கு வளையம் அப்படித்தான் கைவிடப்பட்டது. வடக்கு வளையம் சற்றுக் குறுகி, 20.8 கிலோமீட்டராக, இன்றும் ஓடுகிறது. கார் நிறுவனங்களின் சோதனை, அமெச்சூர்கள் பெருமளவில் பங்கெடுக்கும் நீண்ட தூரப் பந்தயங்கள், சீட்டு வாங்கி ஓட்டும் பொதுமக்கள் ஆகிய மூன்றும் அதைத் தாங்குகின்றன. இந்தியாவில் இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. கிரேட்டர் நொய்டாவின் புத்தா சர்வதேசத் தடம் 5 கிலோமீட்டருக்கு மேல் நீளமானது, ஃபார்முலா 1க்கென்றே கட்டப்பட்டது. 2011 முதல் 2013 வரை மூன்றே பந்தயங்கள்; வரித் தகராறில் அது நின்றுபோனது. அதன்பின் நெடுங்காலம் அங்கே சக்கரம் சுழன்றது பெரும்பாலும் கார் நிறுவனங்களின் நிகழ்ச்சிகளாலும் ஆர்வலர்கள் வாடகைக்கு எடுத்த நாட்களாலும்தான். அமெச்சூர்கள் மட்டும் அவ்வளவு பெரிய முதலீட்டைக் காப்பாற்ற முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்களை மனத்தில் வைத்துக் கட்டிய இருங்காட்டுக்கோட்டை 1990 முதல் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதன் நீளம் 3.7 கிலோமீட்டர்தான்.

இது பணக்காரர் பொழுதுபோக்கு என்ற குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. தடக் கட்டணம், தேய்ந்த டயர், பிரேக் பட்டை, பெட்ரோல், ஏதேனும் நேர்ந்தால் பட்டறைச் செலவு எல்லாம் சேர்த்தால் சம்பளக்காரருக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனால் செலவின் பெரும்பகுதி வண்டியின் வேகத்தோடு ஏறுவது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. டயரும் பிரேக்கும் அதற்கேற்ப விரைவாகக் கரையும். அதனால்தான் சிறிய எஞ்சின் கொண்ட, எடை குறைந்த, பழைய வண்டியே தொடங்குபவருக்கு ஏற்றது. அதன் எல்லையைக் குறைந்த வேகத்திலேயே தொடலாம், தவறினாலும் விலை குறைவு. சோழவரத்து ஃபியட்காரர்களும் கரிவர்தனும் தட்டுப்பாட்டுக் காலத்தில் கண்டுகொண்ட பாடம் இது. இன்றைய விளம்பரங்கள் இதற்கு நேர் எதிராகச் சொல்கின்றன. நானூறு குதிரைத்திறன் வண்டியோடு முதல்முறை தடத்துக்குப் போகிறவர் நேர்பாதையில் மட்டும் ஓட்டி, வளைவில் பயந்து, எதையும் கற்காமல் திரும்புவார்.

இதைவிடக் கடுமையான மறுப்பு, வேகத்தின் ருசியை ஊட்டிச் சாலைக்கு அனுப்புகிறோம் என்பது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியலில் பந்தயம் ஓட்டும் இளைஞர்களைப் பார்த்தவர்கள் இந்தக் கவலையைச் சும்மா சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு பொது இடத்தில் அரசின் எழுத்துபூர்வ அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. அப்படியும் அது நிற்கவில்லை. டிராக் டே இதற்கு மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஆசையைத் தடம் உண்டாக்குகிறது என்பதைத்தான் மறுக்கிறேன். ஆசை முன்னே, தடம் பின்னே என்பதே வரலாறு: சாலையில் சட்டம் தடுத்த வேகத்துக்காகப் புரூக்லாண்ட்ஸும், ஏற்கெனவே பொதுச் சாலைகளில் ஓடிக்கொண்டிருந்த பந்தயங்களுக்காக நூர்பர்க்ரிங்கும் கட்டப்பட்டன. நல்ல பயிற்றுநர் உள்ள தடத்தில் ஓட்டியவர் முதலில் அறிவது, வண்டி நிற்க எவ்வளவு தூரம் எடுக்கும் என்பதை. அந்த அறிவு சாலையில் யாருக்கும் கேடு செய்யாது. பயிற்றுநரே இல்லாமல், வந்தவர்களையெல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே விட்டுக் காசு பார்க்கும் நாட்களுக்கு இந்த வாதம் பொருந்தாது. அவற்றைக் குறை சொல்பவர்களோடு நான் உடன்படுகிறேன்.

ஆகவே தேர்ந்தெடுப்பவர் பதிவுக் கட்டணத்தைப் பார்க்கும் முன் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். ஒரே நேரத்தில் தடத்தில் எத்தனை வண்டி விடுவார்கள்? புதியவரையும் தேர்ந்தவரையும் தனித்தனிக் குழுவாகப் பிரிப்பார்களா? காரையும் மோட்டார் சைக்கிளையும் கலப்பார்களா? கலப்பவர்களிடம் போகவே வேண்டாம். காலையில் கொடிகளின் பொருளையும் முந்தும் விதியையும் விளக்கும் கூட்டம் உண்டா, அதற்கு வராதவரை உள்ளே விடாமல் தடுப்பார்களா? ஒவ்வொரு முக்கிய வளைவிலும் மார்ஷல் நிற்பாரா, ஆம்புலன்ஸ் தடத்திலேயே இருக்குமா? நேரம் அளந்து பரிசு தருகிறோம் என்று விளம்பரம் செய்கிறார்களா? அப்படியென்றால் அது டிராக் டேயின் பெயரில் நடக்கும் பந்தயம். பந்தய உரிமம் இல்லாத ஓட்டுநருக்கும் பாதுகாப்புக் கூண்டு இல்லாத வண்டிக்கும் அங்கே இடமில்லை. வண்டியைப் பொறுத்தவரை, பழைய பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், கொதிநிலை இறங்கியிருக்கும். நான்காவது சுற்றில் மிதி தரைவரை போகும். புதுத் திரவம், போதிய பட்டை, இறுக்கிய சக்கர நட்டு, காலியான டிக்கி, பொருந்தும் ஹெல்மெட் போதும். சில சுற்றுகள் ஓட்டியதும் ஒரு சுற்று பிரேக் மிதிக்காமல் மெதுவாக வந்து சூட்டைத் தணித்துவிட்டு வெளியேற வேண்டும், கைப் பிரேக்கைப் போடக் கூடாது. களைப்பு தெரிந்தால், கட்டிய பணத்துக்கு இன்னும் நேரம் மிச்சமிருந்தாலும், நிறுத்திவிடலாம்.

நம் நாட்டில் தீர்க்கப்படாமல் கிடப்பது காப்பீடுதான். இந்தியாவின் வழக்கமான வாகனக் காப்பீட்டுப் பத்திரங்கள் ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றை விலக்கிவிடுகின்றன. போட்டியே இல்லாத ஓட்டம் இந்த விலக்கில் சேருமா என்பதை ஓட்டுபவர் தன் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுவிட்டே போக வேண்டும்; சேரும் என்று வைத்துக்கொண்டு கிளம்புவதே பாதுகாப்பு. பிரிட்டனில் ஒரு நாளுக்கு மட்டும் என்று தனிக் காப்பீடு வாங்க முடிகிறது. அதுபோல ஒன்று இங்கே எளிதில் கிடைக்கும் நிலை வர வேண்டும். அதோடு, தடங்கள் ஆண்டு நாட்காட்டியில் மாதம் ஒரு நாளையாவது உறுப்பினர் அல்லாதோருக்கும், எந்த மாதிரி வண்டிக்கும், அறிவிக்கப்பட்ட கட்டணத்தில் ஒதுக்க வேண்டும். நூர்பர்க்ரிங்கில் இப்படிப்பட்ட நாட்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன, ஒருவர் குறித்துவைத்துக்கொண்டு போகலாம். இங்கே பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் வண்டி வைத்திருப்பவருக்கோ, ஒரு குழுவில் சேர்ந்தவருக்கோ அழைப்பு வருகிறது. செங்கல்பட்டிலோ ஈரோட்டிலோ பழைய மாருதி வைத்திருக்கும் ஒருவர், யாரையும் தெரிந்திருக்கத் தேவையில்லாமல், தேதி பார்த்துப் பணம் கட்டி இருங்காட்டுக்கோட்டைக்கோ செட்டிபாளையத்துக்கோ வந்து ஓட்டிவிட்டுப் போக இது வழி செய்யும்.